முன் இருக்கை

கிளெனிஸ் டாக்சியின் முன் கதவைத் திறந்தாள். தாடிக்கார ஓட்டுநர் பதறிப்போய், பக்கத்து இருக்கையில் கிடந்த சிகரெட் பெட்டியையும் பாதி தின்ற ரொட்டி வளையத்தையும் அள்ளித் தன் மடியில் போட்டுக்கொண்டான். ரொட்டியிலிருந்த எள் இருக்கை முழுக்கச் சிதறியது. அவள் அதன்மேலேயே உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டு, தனக்குத் தெரிந்த துருக்கியில் வணக்கம் சொன்னாள். அவன் பின் இருக்கையைக் காட்டினான். அவளுக்குப் புரியவில்லை. அவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி யாரையோ கூப்பிட்டான்.

தெருமுனையில் அந்த டாக்சி நிலையத்துக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு உண்டு. ஓட்டுநர்கள் தேநீர் குடிப்பதும் சண்டை போடுவதும் அதற்குள்தான். அங்கிருந்து நரைத்த மீசைக்காரர் ஒருவர் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்து, குனிந்து, சிரித்தார்.

"எந்த ஊரு அக்கா? மெல்போர்ன் பக்கமா?" ஆங்கிலத்தில் கேட்டார். அவளுடைய ஊர்க் கசாப்புக் கடைக்காரர் பேசுவது போலவே இருந்தது அந்த ஆங்கிலம்.

"ஹார்ஷம்."

"அட, கோதுமைக்காட்டு ஆளு! நான் மெல்போர்ன் பக்கத்துல டாண்டினாங்ல, கூரை ஓடு செய்யற ஃபாக்டரியில பாதி ஆயுச கழிச்சவன். பேரு ஷுக்ரு. முன்சீட்டுல ஏறினதப் பாத்ததுமே உள்ள சொல்லிட்டேன், இது நம்ம ஆளுன்னு. வேற யாரு டிரைவர் பக்கத்துல போயி உக்காருவா?"

"பின்னாடி உக்காந்தா மரியாதையா இருக்காதே."

"அது அங்க. அங்க பின்னாடி உக்காந்தா, 'என்ன, பெரிய துரையா?'ன்னு கேப்பான். இங்க ஒரு பொம்பள முன்னாடி உக்காந்தா, டிரைவர் பொண்டாட்டின்னு நெனப்பாங்க."

"நெனச்சுட்டுப் போகட்டும். இவனுக்கு என் மகன் வயசு."

ஷுக்ரு அதை மொழிபெயர்த்ததும் கூண்டுக்குள்ளிருந்து சிரிப்பு கேட்டது. தாடிக்காரன் காது சிவக்க வண்டியைக் கிளப்பினான். கிளெனிஸும் சிரித்திருக்க வேண்டும். வாய் சிரிப்பது போல் விரிந்ததை அவளே உணர்ந்தாள். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் எப்படி இருக்கும், கன்னம் இருக்கிறது, ஆனால் நம்முடையதாக இல்லை, அப்படித்தான் இருந்தது அவளுக்கு, செப்டம்பரிலிருந்து.

லிண்டன் அவளுடைய ஒரே பிள்ளை. சில வருஷங்களாக இஸ்தான்புல்லில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவன். செப்டம்பரில் ஒரு மத்தியானம் வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தவன், மறுபடி தெருவில் இறங்கி ஒரு டாக்சி பிடித்திருக்கிறான். டாக்சி ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது உயிர் இல்லை. ஓட்டுநர் அவனை உள்ளே தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்துவிட்டுப் பெயர் சொல்லாமல் போய்விட்டான். அந்தக் கூட்டத்தில் வண்டி எண்ணை யாரும் கவனிக்கவில்லை. லிண்டனை ஹார்ஷத்துக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அதன் பிறகு, அவன் வீட்டை ஒழித்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு கிளெனிஸ் மறுபடி விமானம் ஏறினாள். வருஷக் கடைசிவரை அந்த வாடகை வீடு அவன் பெயரில் இருந்தது.

ஒரு கட்டில், ஒரு மேஜை, கொஞ்சம் புத்தகம், துணிமணி. ஒழிப்பதென்றால் இரண்டு நாள் வேலை. அவள் ஒழிக்கவில்லை. அவளுக்குத் தேவைப்பட்டது அந்த ஓட்டுநர். டாக்சியில் ஏறியதற்கும் ஆஸ்பத்திரி வாசலுக்கும் நடுவில் லிண்டன் என்ன ஆனான், ஏதாவது சொன்னானா, பயந்தானா? இதெல்லாம் தெரிந்தவன் உலகத்தில் ஒருவன்தான். அவனைப் பார்க்காமல் ஊருக்குப் போனால் பிறகு ஒருக்காலும் பார்க்கப் போவதில்லை.

ஷுக்ருவிடம் முதல் வாரத்திலேயே கேட்டாள். மகனின் பெயரைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. "என் மகன்" என்று மட்டும் சொன்னாள். ஷுக்ரு கூண்டுக்குள் போய் மற்றவர்களிடம் துருக்கியில் வெகு நேரம் பேசினார். அவர்களும் கையை ஆட்டி ஆட்டி வெகு நேரம் பேசினார்கள். ஒரு ஆள் மட்டும் பேசவில்லை. மெலிந்த இளைஞன், பச்சைக் கம்பளிச் சட்டை. அவன் எழுந்து வெளியே போய்த் தன் வண்டிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். ஷுக்ரு திரும்பி வந்து, "யாருக்கும் தெரியலையாம் அக்கா. ஊர்ல டாக்சி என்ன கொஞ்சமா? எந்த நிலையமோ, எவனோ," என்றார். அவ்வளவு நீளப் பேச்சு இவ்வளவு சுருங்கிவிட்டதே என்று அவளுக்குத் தோன்றியது. துருக்கி மொழியே அப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

நாட்கள் போயின. காலையில் எழுவாள், லிண்டனின் கெண்டியில் தண்ணீர் வைப்பாள். ஒருநாள் ரொட்டி வாங்கச் செருப்பில்லாமல் கீழே இறங்கிவிட்டாள். ஹார்ஷத்தில் அது ஒரு விஷயமே இல்லை, கோடையில் பாதி ஊர் கடைக்கு வெறுங்காலோடுதான் போகும். இங்கே மளிகைக் கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து தன் செருப்பைக் கழற்றி அவள் காலடியில் வைத்தார். கீழ் வீட்டு நெர்மின் அம்மாளுக்கு அதற்குள் சேதி எட்டிவிட்டது. அவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், நன்றாக ஆங்கிலம் பேசுவார்.

"நவம்பர் மாசம், கல்லுத் தரை, வெறுங்காலா? வயித்துல குளிர் ஏறிடும்மா! அப்புறம் பிள்ளை பெத்துக்க முடியாது."

"எனக்கு அறுபத்திரண்டு வயசு, நெர்மின்."

"அதனால என்ன? குளிருக்கு வயசு தெரியுமா?" என்று சொல்லிவிட்டு, சொன்னது என்னவென்று உறைத்ததும் நெர்மின் வாயைப் பொத்திக்கொண்டார். கிளெனிஸ் அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். அன்று சாயங்காலம் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி கதவுப் பிடியில் தொங்கியது.

மாடியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கிக் காய்கறி வாங்கக் கற்றுக்கொண்டாள். முதல் தடவை இறக்கும்போது கயிற்றின் இந்த முனையைப் பிடித்துக்கொள்ள மறந்துவிட்டாள், கூடையும் கயிறுமாகத் தெருவில் போய் விழுந்தது. தெருவே கைதட்டியது. அவளும் கையசைத்தாள். ஜன்னலை மூடியபின், சற்று முன் நடந்தது யாருக்கோ நடந்தது போலிருந்தது.

கணவன் நோயல் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவான். ஹார்ஷத்தில் அறுவடை நடந்துகொண்டிருந்தது.

"ஆத்தோரக் காடு முடிஞ்சுது கிளென். மழைக்கு முன்னாடி மத்ததையும் முடிச்சிரணும். வீடு ஒழிச்சிட்டியா?"

"இன்னும் இல்ல."

"ஒரு கட்டிலு, ஒரு மேஜை."

"தெரியும்."

நோயல் பேச்சை மாற்றினான். "ஆளு கெடைச்சானா?"

"இல்ல."

"கெடைச்சா என்ன கேக்கப் போற?"

"கெடைக்கட்டும், பாப்போம்."

அந்த நிலையத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கும். முதலில் நிற்கும் வண்டிதான் அடுத்து வருகிறவரை ஏற்ற வேண்டும். ஏற்றிப் போய்விட்டுத் திரும்பினால் மறுபடி வரிசைக் கடைசியில் நிற்க வேண்டும். கிளெனிஸ் அடிக்கடி அங்கிருந்து டாக்சி பிடித்தாள். சந்தைக்கு, தூதரகத்துக்கு, சில நாள் எங்கும் போக வேண்டியில்லாமலும். பச்சைக் கம்பளிக்காரன் வண்டி முன்னால் நிற்கிற நாளில் அவள் வந்தால், அவன் இறங்கி எஞ்சின் மூடியைத் தூக்கிவிட்டு உள்ளே எதையோ குடைவான். தாடிக்காரன் தன் வண்டியை முன்னால் கொண்டுவருவான். அப்படி ஒரு தடவை நடந்தது, இன்னொரு தடவையும் நடந்தது. அவளுக்கு அது என்னவோ போலிருந்தது. ஆனால் என்னவோ போலிருப்பதெல்லாம் அவளுக்குள் நிற்பதில்லை, வழுக்கிக்கொண்டு போய்விடும்.

ஒரு வெள்ளிக்கிழமை நல்ல மழை. மத்தியானத் தொழுகை நேரம். கூண்டு காலியாக இருந்தது, எல்லோரும் மசூதிக்குப் போயிருந்தார்கள். ஒரே ஒரு வண்டி நின்றது. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அவள் முன் கதவைத் திறந்து உட்கார்ந்து, குடையைச் சுருக்கிக் காலடியில் போட்டாள். பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

பச்சைக் கம்பளிக்காரன்தான். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவள் பெல்ட்டைப் பிடித்திருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தான். போகவேண்டிய இடத்தைச் சொன்னாள். அவன் அசையவில்லை. பிறகு, ஒரு பெயரைச் சொன்னான்.

"லிண்டன்."

அந்த நிலையத்தில் அவள் யாரிடமும் சொல்லாத பெயர். மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. அவளுக்குத் திடுக்கென்றுகூட இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, "ஆமாம்," என்றாள்.

அவன் கதவைத் திறந்து மழையில் இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தொழுகை முடிந்து குடையோடு வந்த ஷுக்ரு இருவரையும் பார்த்தார். இருவரையும் கூண்டுக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்தார். பின்னால் வந்த ஓட்டுநர்களை ஒரு அதட்டல் போட்டு வெளியே நிறுத்தினார். மூன்று கண்ணாடிக் குவளையில் தேநீர் ஊற்றினார்.

"அக்கா, நீங்க கேட்ட அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன். இவன் பேரு தாரிக். இவன்தான். எனக்கு அப்பவே தெரியும். கேஸு கோர்ட்டுன்னு இழுத்துருவீங்களோன்னு எல்லாருக்கும் பயம். கல்யாணமாகி இன்னும் வருஷம்கூட ஆகல இவனுக்கு."

"சரி. அவன் சொல்றத அப்படியே சொல்லு. நடுவுல எதையும் விடாத."

தாரிக் தரையைப் பார்த்துப் பேசினான். ஷுக்ரு அவன் பேசியதை அவனாகவே நின்று சொன்னார்.

"மத்தியானம். என் வண்டிதான் முதல்ல நின்னுச்சு. ரொம்ப நேரம் காத்திருந்து அப்பதான் முதல்ல வந்திருந்தேன். உங்க மகன் வந்தார். வேர்த்து ஊத்துது. ஆஸ்பத்திரி பேரு சொன்னார். பக்கத்துலதான் இருக்கு. ஆனா அந்த நேரத்து நெரிசல்ல போயிட்டு வந்தா பொழுதே போயிரும், மறுபடி வரிசையில கடைசி. அதனால வரமாட்டேன்னு சொன்னேன்."

ஷுக்ரு நிறுத்தி அவளைப் பார்த்தார்.

"சொல்லு," என்றாள்.

"நடந்தே போயிரலாம்னு கைய காட்டினேன். அவர் சுவத்துல கைய ஊனிக்கிட்டு நின்னார். குடிச்சிருக்காரோன்னு நெனச்சேன். நாங்க பின் கதவ எப்பவும் பூட்டித்தான் வெச்சிருப்போம். எங்க போகணும்னு கேட்டுட்டு, புடிச்சிருந்தாதான் திறப்போம். ஆனா அவரு பின் கதவுக்குப் போகவே இல்ல. முன் கதவ திறந்து உக்காந்துட்டார். அத நாங்க பூட்டறதில்ல, யாரும் அதுல ஏறமாட்டாங்க. பக்கத்துல வந்து உக்காந்த மனுசன எறங்குன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

வெளியே தாடிக்காரன் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்துவிட்டு விலகினான்.

"பெல்ட் போட்டார். என் பேரு கேட்டார். அவர் பேர சொன்னார். கை குடுத்தார், ஐஸ் மாதிரி இருந்துச்சு கை. ரேடியோவக் காட்டி, யாரு பாடறதுன்னு கேட்டார். சொன்னேன். நல்லாருக்குன்னார். அப்புறம் கண்ண மூடிக்கிட்டார். தூங்கறார்னு நெனச்சேன். சிக்னல்ல நின்னு கிளம்பும்போது தலை என் தோள்ல சாஞ்சுது. நான் தள்ளல. வண்டிய மெதுவா ஓட்டினேன், முழிச்சிரக் கூடாதுன்னு."

கிளெனிஸ் தேநீரைக் குடித்தாள். இனிப்பு அதிகமாக இருந்தது.

"வலிக்குதுன்னு சொன்னானா?"

"இல்ல."

"பயந்த மாதிரி இருந்தானா?"

தாரிக் யோசித்தான். "வெளிய நிக்கும்போது பயந்திருந்தார். உள்ள உக்காந்தப்புறம் இல்ல."

"எவ்வளவு நேரம் வெளிய நிக்க வெச்ச?"

இதை ஷுக்ரு தயங்கித்தான் துருக்கியில் சொன்னார். தாரிக் ஆள்காட்டி விரலின் நடுவைத் தொட்டுக் காட்டினான். பாதி சிகரெட் குடிக்கும் நேரம்.

பிறகுதான் அவன் அவளை முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தான். அந்தப் பாதி சிகரெட்டில் உன் மகன் போனானா என்று அவளிடம் கேட்பது போலிருந்தது அந்தப் பார்வை. அதற்கான பதில் அவளிடம் இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளுக்கு விளக்கியிருந்தார். நெஞ்சுக்குள் பெரிய ரத்தக்குழாய் கிழிந்துவிட்டது, எங்கள் கட்டிலிலேயே படுத்திருக்கும்போது அது நடந்திருந்தாலும் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று. அந்த ஒரு வாக்கியத்தை அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குவளையை வைத்துவிட்டு, "தேநீர் நல்லாருந்துச்சு," என்று சொல்லி எழுந்து மழையில் வீட்டுக்கு நடந்தாள். குடையை வண்டியிலேயே விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு தோல் சீவினாள். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திராமல் நோயலைக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். நோயல் அறுவடை எஞ்சினை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"மொதல்ல வரமாட்டேன்னானா?"

"ஆமா."

"லிண்டன் சுவத்தப் புடிச்சிட்டு நிக்கறான், இவன் சிகரெட் குடிச்சிட்டு இருந்தானா?"

"ஆமா, நோயல்."

"டாக்டர் சொன்னத அவங்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. கெடக்கட்டும்." மூக்கைச் சிந்தினான். பிறகு வேறு குரலில் கேட்டான்: "தோள்லயா சாஞ்சான்?"

"தோள்ல."

"சரி," என்றான் நோயல். "சரி." வைத்துவிட்டான்.

அவள் வீட்டை ஒழிக்க ஆரம்பித்தாள். புத்தகங்களை நெர்மினிடம் கொடுத்தாள். சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். மடிக்கும்போது எதுவும் ஆகவில்லை, துணி துணியாகவே இருந்தது. நிலையத்தைத் தாண்டிப் போகும்போது தாரிக் எழுந்து நின்று தலை குனிவான். அவளும் தலையசைத்துவிட்டுப் போவாள். கோபமா என்று தனக்குள்ளேயே தேடிப் பார்த்தாள். கோபம் இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை. மன்னிப்பும் இல்லை. சொல்லாமல் இருப்பது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

புத்தகங்களை அடுக்கிக்கொண்டே ஒருநாள் நெர்மின் ஊர்க்கதை பேசினார்.

"நம்ம முனையில ஒரு பையன், தாரிக்குன்னு. கிறுக்குப் புடிச்சிருச்சு அவனுக்கு. யாரு கைய காட்டினாலும் ஏத்திக்கறான். நேத்து நான் அடுத்த தெரு மருந்துக்கடைக்குப் போகணும்னேன், வாங்க அம்மான்னான்! என் ஜென்மத்துல பாத்ததில்ல. மத்த டிரைவருங்க, 'இவன் என்ன ஆம்புலன்ஸா'ன்னு கேலி பண்றானுங்க. ராவும் பகலும் ஓட்டறான், தூங்கறதே இல்லையாம். பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா."

நெர்மின் சிரித்தார். கிளெனிஸ் கையிலிருந்த புத்தகத்தை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாள்.

தாரிக் வண்டிக்குள் ஸ்டியரிங்கில் தலை சாய்த்திருந்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம். அவள் ஷுக்ருவை அழைத்து வந்து, டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். ஷுக்ருவின் முகம் மலர்ந்தது. அவசர அவசரமாகத் துருக்கியில் சொன்னார். தாரிக் கேட்டான், தலையை ஆட்டி மறுத்தான், கோபமாக ஏதோ சொன்னான்.

"நம்ப மாட்டேங்கறான் அக்கா," என்றார் ஷுக்ரு. "நானா சேத்து சொல்றேனாம். அன்னிக்கு உங்ககிட்ட மாத்திச் சொன்னேன்ல, எல்லாரும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தாங்க. இவன் நிம்மதியா தூங்கட்டும்னு இப்பவும் கதை விடறேன்னு நெனக்கறான்."

"சத்தியம் பண்ணு."

"பண்ணிட்டேன். என் சத்தியத்தோட லட்சணம் அவனுக்குத் தெரியும்."

கிளெனிஸ் வண்டி ஜன்னலுக்குக் குனிந்தாள். அவளுக்குத் தெரிந்த துருக்கி சந்தைத் துருக்கி. ரொட்டி தீர்ந்துவிட்டால் மளிகைக் கடைக்காரர் கையை விரித்துச் சொல்லும் சொல் ஒன்று அவளிடம் இருந்தது. டாக்டர் என்பது எல்லா ஊரிலும் டாக்டர்தான். நீ, இல்லை, கட்டில் எல்லாம் தெரியும். நெஞ்சைத் தொட்டாள்.

"இங்கே. கிழிந்தது," என்று கையால் கிழித்துக் காட்டினாள். "டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரி, கட்டில், இருந்தாலும், தீர்ந்தது. நீ இல்லை."

தாரிக் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். ஷுக்ரு உதவிக்கு வாயெடுத்தார். தாரிக் கை நீட்டி அவரைத் தடுத்தான்.

"மறுபடி," என்றான்.

அவள் மறுபடி சொன்னாள். நிலையத்துத் தொலைபேசி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. நீ இல்லை என்னும் இடம் வந்ததும் அவன் உதடுகளும் அவளோடு சேர்ந்து அசைந்தன. அவளுக்குள் எதுவும் உடையவில்லை, எதுவும் லேசாகவும் இல்லை. தெருக் குளிர் மட்டும் காலில் ஏறிக்கொண்டிருந்தது.

"மறுபடி," என்றான் தாரிக்.

அவள் ஜன்னல் விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.